காரை பள்ளத்தாக்குக்குப் போலாமா?

பள்ளத்தாக்கு பார்க்கணும்னா மலைக்குத்தான் போகணுமா? பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் உள்ள காரை கிராமத்துக்கு வாங்க. இங்கே ஆறு கிடையாது. மழைநீர் ஓடி ஓடி களிமண் நிலத்தை அரித்ததில், வெறும் மேடுகளும் ஆழமான ஓடைகளுமாக நிலம் பிளந்து கிடக்கிறது.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது. அப்போது படிந்த சேறுதான் இந்த மண். அதனால்தான் சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் இங்கே கிடைக்கின்றன. வெயிலில் பளபளப்பது ஜிப்சம்.

படிவம் கண்ணில் பட்டால், ‘ஒண்ணுதானே’ன்னு பையில் போட்டுக்காதீங்க. எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். இடம் மாறினால் அந்தத் தகவலே போய்விடும். போட்டோ எடுத்துக்கிட்டு, அங்கேயே விட்டுடுங்க.

புதைபடிவங்களை நிதானமாகப் பார்க்க, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆலத்தூர் வட்டத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் பார்க்கலாம். புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தது இது.

கவனிக்க வேண்டியவை:

• பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில் வருபவர்கள் அரியலூரில் இறங்கி, சாலை வழியாக வரலாம்.

• பள்ளத்தாக்கில் நிழல் இல்லை. காலையிலேயே போங்க, தண்ணீர், தொப்பி அவசியம்.

• மழை பெய்தால் களிமண் வழுக்கும், விளிம்பு சரியும். அன்றைக்குப் போக வேண்டாம்.