கமரா சோறு போடுமா?

விரும்பிச் செய்யும் வேலையே வருவாய் தரும் தொழிலாகவும் அமைந்துவிடின் அதனினும் சிறந்த பேறு வேறில்லை. உற்றார் வீட்டுக் கொண்டாட்டங்களில் நம் பிள்ளைகள் எடுத்த படங்களைக் கண்டு நாம் மெச்சிக்கொள்கிறோம். ஆயினும், "இதையே தொழிலாக்கப் போகிறேன்" என்று பிள்ளை கூறியதும் பெற்றோரின் முகம் வாடிவிடுகின்றது. அவர்களது அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று.

நம் நாட்டு மண்ணிலே துயிலும் ஜூலியா மார்கரெட் கமரனின் கதையை நோக்குவோம். 1863 ஆம் ஆண்டு டிசெம்பரில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகள் கொடுத்த கமராவைக் கொண்டு இங்கிலாந்தில் படம் பிடிக்கத் தொடங்கினார் அவ்வம்மையார். கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின் முதலியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவர் படங்களின் உரிமையைப் பதிவுசெய்தார். இலண்டன் வணிகர் மூலம் விற்கவும் செய்தார். இருந்தும் வரவு செலவை ஈடுசெய்யவில்லை. 1875 இல் கணவருடன் இலங்கை வந்து, 1879 இல் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கலைத்திறன் வேறு, தொழில் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் தொழிலுக்கு வேண்டுவது யாது? முதலாவது, நம்பகம். பொழுதுபோக்காளர் பத்துப் படங்களுள் நல்ல ஒன்றைக் காட்டிப் பெருமைப்படலாம். தொழில் செய்பவருக்கோ அது போதாது. மணவறையிலே தாலி கட்டும் கணம் இரண்டாம் முறை வாராது. ஆகவே மேலதிகக் கமரா ஒன்றும், மாற்று பற்றரிகளும் கையிலிருத்தல் வேண்டும். எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களிற் பிரதிசெய்து வைத்த பின்னரே உறங்கச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம். கலியாண வீடொன்றுக்கு 50,000 ரூபா பெறுவதாகக் கொள்வோம். அல்பத்துக்கு 20,000, உதவியாளருக்கு 8,000, போக்குவரத்துக்கு 2,000 கழிந்தால் எஞ்சுவது 20,000 ரூபா. 3 இலட்சம் ரூபாக் கமரா ஐந்தாண்டு உழைக்குமாயின், அதன் தேய்மானம் மாதத்துக்கு 5,000 ரூபா. மாதம் இரண்டு கலியாணம் கிடைத்தால் ஒவ்வொன்றிலும் 2,500 அதற்கென ஒதுக்க வேண்டும். மிகுதி 17,500. படம் எடுப்பது ஒரு நாளேயாயினும், தெரிந்தெடுத்துத் திருத்தி அல்பமாக்க மேலும் நான்கு நாட் செல்லும். எனவே நாளொன்றுக்கு உண்மை ஊதியம் 3,500 ரூபாவே! இக்கணக்கைப் பாராது, அயலவரினும் மலிவாகச் செய்வோம் என்று இறங்குவோர் நாளடைவிற் கமராவையே விற்க நேரிடும்.

மூன்றாவது, ஒழுங்கு. எத்தனை படம், எந்நாளிற் கையளிப்பது, முற்பணம் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளல் நன்று. உறவினராயினும் இது பொருந்தும். பிற்காலத்து மனக்கசப்பை அது தவிர்க்கும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. கமரன் அம்மையார் செய்ததுபோற் பதிவுசெய்ய வேண்டியதில்லை. ஆயினும் பிறர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துமுன் அவர்தம் சம்மதம் பெறுவதே பண்பாகும்.

கலியாணங்கள் ஆண்டு முழுவதும் நிகழ்வதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் மணவறைகள் வெறிச்சோடிக் கிடக்கும். அக்காலங்களில் பாடசாலை விழாக்கள், கடைக்காரரின் விற்பனைப் பொருட்கள், மங்கிப்போன பழைய குடும்பப் படங்களைப் புதுப்பித்தல் என்பன கைகொடுக்கும்.

மாணவர்களே, படிப்பையோ கையிலுள்ள உத்தியோகத்தையோ உதறிவிட்டு இதில் இறங்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, விடுமுறை நாட்களிற் பழகுங்கள். ஓராண்டு வரவு செலவைக் கொப்பியில் எழுதி வாருங்கள். பெற்றோரே, பிள்ளை அக்கொப்பியைக் கொண்டு வரும்போது முகஞ் சுளியாது வாங்கிப் பாருங்கள். கமரா சோறு போடுமா என்ற கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும்.