68 கிலோ, 90 சென்டிமீட்டர்

உயரம் 165 செ.மீ., எடை 68 கிலோ என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கினால் 2.7225. அதைக் கொண்டு 68-ஐ வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ, 24.98. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 18.5-லிருந்து 25-க்குள் இருந்தால் இயல்பான எடை. நம்மவர் மயிரிழையில் தப்பிவிட்டார்.

இந்திய மருத்துவர்கள் 2009-இல் வகுத்த வரம்பில் அவர் தப்பவில்லை. இங்கே 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25 என்றால் உடற்பருமன். அவர் உயரத்துக்கு 23 என்பது 62.6 கிலோ, 25 என்பது 68.1 கிலோ. இடையிலுள்ள ஐந்தரைக் கிலோவுக்குள் நிற்பவர் ஓர் அட்டவணையில் நலம், இன்னொன்றில் எச்சரிக்கை. இதில் உயரத்தை அளப்பவர் 2 செ.மீ. குறைத்து 163 என்று எழுதிவிட்டால் விடை 25.6, கூட்டி 167 என்றால் 24.4. சற்றே குனிந்து நின்றால் ஆளே வேறு பிரிவுக்குப் போய்விடுவார்!

கோடுகள் நகர்வது புதிதல்ல. 1998 வரை அமெரிக்காவில் கூடுதல் எடைக்கான வரம்பு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. அந்த ஆண்டு இருவருக்கும் 25 என்று இறக்கினார்கள். ஒரு கிராம்கூடக் கூடாமலே இரண்டரைக் கோடிக்குக் குறையாத அமெரிக்கர்கள் கூடுதல் எடைப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

சூத்திரத்தை 1830-களில் வகுத்த பெல்ஜியத்துக்காரர் கெத்லே மருத்துவர் அல்ல, வானியலாளர். அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. 1972-இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிய ஆன்செல் கீஸ் சோதித்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரும் ஆண்கள்.

எடைமேடைக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம்மூர்க்காரருக்குச் சர்க்கரை வருவதற்கான காரணங்களில் ஒன்று இந்த ஒளிந்திருக்கும் கொழுப்பு.

அதற்காக பிஎம்ஐயைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வில் பிஎம்ஐ 25-ஐ எட்டிய தமிழ்நாட்டுப் பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4. ஒரே கோலால் இரண்டு முறை அளந்ததால் இந்த ஏற்றத்தை நம்பலாம். அதே 2019-21 ஆய்வில் இந்தியப் பெண்களில் பிஎம்ஐ கணக்கு பிடித்தது 24 சதவீதத்தினரை. இடுப்புச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பார்த்த கணக்கோ 56.7 சதவீதத்தினரை ஆபத்துப் பட்டியலில் வைத்தது. ஊரை எடைபோட பிஎம்ஐ போதும்; ஓர் ஆளுக்கு டேப்பும் வேண்டும்.

பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுகிறவருக்கு 34 என்பது தொப்பையின் அளவே அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், தையல்காரர் டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. இந்திய வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் இன்னும் எளிது: பிஎம்ஐ 35-க்குக் கீழே இருந்தால், இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்கிறது. 165 செ.மீ. ஆளுக்கு அது 82.5. அதாவது நம் 90-ஐவிட மூன்று அங்குலம் கடுமை.