பில் இல்லாத லித்தியம் பேட்டரியை வாங்காதீர்கள்

கல்லூரி பிராஜெக்ட் கண்காட்சிகளில் மறுபடி மறுபடி ஒரே தவறுகளைத்தான் பார்க்கிறேன். பழைய லேப்டாப்பிலிருந்து பிய்த்தெடுத்த லித்தியம் செல்களை இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருக்கிறார்கள். கைக்குக் கிடைத்த அடாப்டரில் அதைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் புரோகிராமைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. தீப்பிடிக்கக்கூடியது புரோகிராம் அல்ல, பேட்டரிதான்.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட உருளை செல். நல்ல நிறுவனங்கள் தயாரிப்பதிலேயே சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் அதில் அடங்கும். மேலே 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். எடை போட்டுப் பாருங்கள்: நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். கையில் எடுத்ததுமே லேசாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் செல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆங்கில ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் செல்லிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்குப் பெற்ற பதிவு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள். அதே செயலியில் புகாரும் கொடுங்கள்.

அடுத்து பில். “பில் போட்டா விலை கூடும் தம்பி” என்பார்கள். கூடினால் கூடட்டும். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

இனி சார்ஜிங். பிராஜெக்ட் செய்பவர்கள் அதிகம் வாங்குவது டிபி4056 மாட்யூல். அதில் சிப்புக்குப் பக்கத்தில் 122 என்று பொறித்த பொடி ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அது 1.2 கிலோ ஓம். மாட்யூல் 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும் என்று பொருள். 2,000 மில்லி ஆம்பியர் மணிக்கு மேற்பட்ட செல்லுக்கு இது சரி. 500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சின்ன லிபோ பேட்டரிக்கு இது கொள்ளளவு எண்ணைப் போல இரண்டு பங்கு. அந்த எண்ணில் பாதியைத் தாண்டாத கரண்டில் சார்ஜ் செய்வதே பாதுகாப்பு. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் கரண்ட் சுமார் 250 மில்லி ஆம்பியராகக் குறையும்.

பேட்டரிக்கு இரண்டு, வெளியீட்டுக்கு இரண்டு எனத் தனித்தனி இணைப்பு உள்ள மாட்யூலையே கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புச் சுற்று அதில்தான் உண்டு. இந்த மாட்யூல் 4.2 வோல்ட்டில் நிறுத்தும், 3.65 வோல்ட்டில் நிற்க வேண்டிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்கு இதைப் போடவே கூடாது. செல்களைத் தொடராக இணைத்தால், ஒவ்வொரு செல்லையும் சமன்செய்யும் பிஎம்எஸ் போர்டும் அந்த எண்ணிக்கைக்கேற்ற சார்ஜரும் கட்டாயம். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், ஹோல்டர் வாங்குங்கள். தூங்கும்போதும் ஆள் இல்லாத அறையிலும் சார்ஜ் போடாதீர்கள்.

உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் செய்யாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் இட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்காமல் கொடுப்பது நம் கடமை. அதைச் சேகரிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. எங்கே கொடுப்பது என்று ஒவ்வொரு வார்டிலும் பலகை வைத்துச் சொல்ல உள்ளாட்சிகளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்? பேட்டரி தீப்பிடித்துவிட்டால் புகையைச் சுவாசிக்காமல் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

தீயணைந்த பின் பலரும் செய்யும் பெரிய தவறு, கருகிய செல்லைத் தூக்கி எறிவது. அதுதான் சாட்சி. ஆறிய பிறகு படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். லேபிள் படம், பில், பணம் கட்டிய ரசீது, காயமிருந்தால் மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ‘இ-ஜாக்ருதி’ இணையதளம் வழியாகவும் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளால் பாதிப்பு வந்தால், விற்ற கடைக்காரரைப் பொறுப்பாக்கச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அவர்தான் விற்றார் என்று காட்ட என்ன இருக்கிறது உங்களிடம்? மறுபடியும் சொல்கிறேன்: பில் வாங்குங்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிராஜெக்டுக்கு அனுமதி தரும் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள்: பேட்டரியின் பதிவு எண், பில் நகல். இரண்டும் இல்லாத பிராஜெக்டை ஆய்வகத்துக்குள் அனுமதிக்காதீர்கள்.