கன்று வீசிய பசுவின் இரத்தம் என்ன சொல்கிறது?

மாணவர்களே, சிறிது நேரம் உங்களை ஒரு கால்நடை மருத்துவராக எண்ணிக்கொள்ளுங்கள். நூறு பசுக்கள் உள்ள ஒரு பால் பண்ணைக்குப் போகிறீர்கள். ஐந்து மாதச் சினையாக இருந்த பசு ஒன்று நேற்றிரவு கன்றை வீசிவிட்டது. அதாவது, அதற்குக் கருச்சிதைவு ஏற்பட்டிருக்கிறது. இந்த மாதத்தில் இது நான்காவது பசு. ஆனால் பசுவுக்குக் காய்ச்சல் இல்லை. வழக்கம்போல் தீனி தின்கிறது. இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். 'ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளது' என்று முடிவு வருகிறது.

பண்ணைக்காரர் கேட்கிறார்: "அப்படியானால் இந்த மாட்டை இறைச்சிக்கு விற்றுவிட வேண்டியதுதானா?"

'ஆம்' என்று சொல்ல வாயெடுத்தால், கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த ஒட்டுண்ணியைத் தெரிந்துகொள்வோம்.

நாயிடமிருந்து வந்த எதிரி

அதன் பெயர் நியோஸ்போரா கேனினம். ஒரே உயிரணுவால் ஆன ஒட்டுண்ணி. 1984-ஆம் ஆண்டு நார்வே நாட்டில், கால்கள் செயலிழந்த நாய்க்குட்டிகளிடம் இது முதலில் கவனிக்கப்பட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் டாக்சோபிளாஸ்மா என்னும் வேறோர் ஒட்டுண்ணியைப் போலவே இருக்கும். 1988-ஆம் ஆண்டில்தான் இது தனி இனம் என்று உறுதியாகி, பெயரும் சூட்டப்பட்டது. அந்தப் பணியைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஒட்டுண்ணியியல் அறிஞர் ஜே.பி.துபே.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பண்ணை ஒன்றில் பசுக்கள் வீசிய கன்றுகளில் இத்தகைய ஒட்டுண்ணி காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1990-களில் கலிஃபோர்னியா பால் பண்ணைகளில் நடந்த ஆய்வுகள், அங்கே கருச்சிதைவுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று காட்டின. இன்று உலகின் பல நாடுகளில் இது அறியப்பட்ட சிக்கல்.

பசுவுக்கு இது எப்படி வருகிறது? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நாய். ஒட்டுண்ணி உள்ள நஞ்சுக்கொடியையோ இறைச்சியையோ தின்ற நாயின் மலத்தில் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறைகள் வெளிவரும். அவை தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்தால் பசுவின் வயிற்றுக்குள் போய்விடும். இதில் நாயின் பங்கை 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெக்அலிஸ்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர்.

இரண்டாவது வழி தாய். ஒட்டுண்ணி உள்ள பசு, கருவிலிருக்கும் கன்றுக்கே அதைக் கொடுத்துவிடும். அப்படிப் பிறக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை துள்ளி விளையாடும். பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஒட்டுண்ணி உடலில் தங்கியிருக்கும். அது கிடேரியாக இருந்தால், வளர்ந்து சினையாகும்போது தன் கன்றுக்கும் கொடுக்கும். இப்படி நாயே இல்லாத பண்ணையில்கூடத் தலைமுறை தலைமுறையாக இது தொடரலாம்.

நிறம் மாறும் குழிகள்

இனி இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். பள்ளியில் 'ஆண்டிபாடி' என்று படிக்கிறீர்களே, அதுதான் எதிர்ப்பொருள். உடலுக்குள் ஓர் அந்நியக் கிருமி நுழைந்தால், அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை உடல் உருவாக்குகிறது. ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்ற தனித்தனிப் புரதம் உண்டு.

இதைக் கண்டறிய அதிகமாகப் பயன்படுவது எலைசா என்னும் முறை. சிறு சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில், ஒட்டுண்ணியின் புரதத்தைப் பூசியிருப்பார்கள். பசுவின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை அதில் விடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, பசுவின் எதிர்ப்பொருளோடு மட்டும் சேரக்கூடிய, நொதி இணைக்கப்பட்ட இன்னொரு பொருளைச் சேர்ப்பார்கள். மீண்டும் கழுவி, கடைசியாக ஒரு வேதிப்பொருளை விட்டால் நொதி அதன் நிறத்தை மாற்றும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி அளந்து சொல்லும்.

சாட்சி வேறு, தீர்ப்பு வேறு

சரி, அந்தப் பசுவின் குழி நிறம் மாறிவிட்டது. அதனால் என்ன தெரிகிறது?

சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை வந்திருந்தால், அதற்கான எதிர்ப்பொருள் இன்றும் உங்கள் இரத்தத்தில் இருக்கலாம். இன்று உங்களுக்குத் தலைவலி. இரத்தத்தில் சின்னம்மை எதிர்ப்பொருள் இருப்பதால், தலைவலிக்குச் சின்னம்மைதான் காரணம் என்று சொல்ல முடியுமா?

பசுவின் கதையும் அதுதான். இந்த ஒட்டுண்ணி உள்ள பசுக்களில் பல, முழுச் சினைக்காலமான ஏறத்தாழ ஒன்பது மாதமும் கடந்து நல்லபடியாகக் கன்று ஈனுகின்றன. கன்று வீசுவதற்கு புருசெல்லா, லெப்டோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள், சில வைரஸ்கள், பூஞ்சைகள் என வேறு காரணங்களும் உண்டு. ஆகவே 'இந்தப் பசுவுக்கு ஒட்டுண்ணி வந்திருக்கிறது' என்றுதான் இரத்தம் சொல்கிறது. கன்று போனதற்கு அதுவே காரணமா என்று அது சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடிக்க, கன்று வீசாத பசுக்களின் இரத்தமும் வேண்டும். கற்பனை எண்களைக் கொண்டு பார்ப்போம்.

முதல் மந்தை: கன்று வீசிய 20 பசுக்களில் 16-இல் எதிர்ப்பொருள், அதாவது 80 விழுக்காடு. வீசாத 80 பசுக்களில் 16-இல், அதாவது 20 விழுக்காடு. வேறுபாடு பெரிது. சந்தேகம் ஒட்டுண்ணி மீது வலுக்கிறது.

இரண்டாம் மந்தை: கன்று வீசிய 20 பசுக்களில் 8, வீசாத 80 பசுக்களில் 32. இரண்டுமே 40 விழுக்காடுதான். ஒட்டுண்ணி இருக்கிறது, ஆனால் கன்று போனதற்கு அதைக் குறைகூற இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

இரத்தம் இன்னும் சில துப்புகளைத் தரும். புதிதாகத் தொற்றும்போது உருவாகும் எதிர்ப்பொருள் ஒட்டுண்ணியின் புரதத்தைத் தளர்வாகப் பிடிக்கும். மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். பல பசுக்கள் ஒரே சமயத்தில் கன்று வீசி, அவற்றின் எதிர்ப்பொருள்களின் பிடி தளர்வாக இருந்தால், அண்மையில் தீவனமோ தண்ணீரோ மாசடைந்திருக்கலாம். பிடி இறுக்கமாக இருந்தால் அது பழைய தொற்று.

வீசப்பட்ட கன்றின் இரத்தமும் பேசும். பசுவின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருளைக் கருவுக்குள் விடாது. ஆகவே கருவில் எதிர்ப்பொருள் இருந்தால், அதைக் கருவே உருவாக்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் மிக இளம் கருவால் எதிர்ப்பொருளை உருவாக்க முடியாது. அதனால் 'இல்லை' என்ற முடிவை நம்பி ஒட்டுண்ணியை விடுவித்துவிட முடியாது. உறுதி செய்ய, கன்றின் மூளைத் திசுவை நுண்ணோக்கியிலும் பிசிஆர் முறையிலும் சோதிக்கிறார்கள்.

பண்ணைக்காரருக்கு உங்கள் பதில்

இப்போது பண்ணைக்காரரிடம் திரும்புவோம். பசுவின் உடலிலிருந்து இந்த ஒட்டுண்ணியை நீக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. அதற்காக எதிர்ப்பொருள் உள்ள மாடுகளையெல்லாம் விற்றால், நல்ல பால் தரும் பசுக்களையும் இழப்பார். கன்று போனதற்கு உண்மைக் காரணம் வேறு என்றால், அது தொழுவத்திலேயே இருந்துவிடும். மாறாக, சோதிக்காமலே விட்டால், அடுத்த தலைமுறைக் கிடேரிகளும் ஒட்டுண்ணியோடு வளரும்.

எனவே இப்படிச் சொல்லுங்கள்: "அவசரப்பட வேண்டாம். வீசிய கன்றை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். கன்று வீசாத பசுக்களின் இரத்தத்தையும் எடுப்போம். அதுவரை நஞ்சுக்கொடியும் இறந்த கன்றும் நாய்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீவனத்தை மூடி வையுங்கள். ஒட்டுண்ணிதான் காரணம் என்று தெரிந்தால், எந்தக் கிடேரிகளை வளர்ப்பது, எவற்றை விடுவது என்று அப்போது முடிவு செய்யலாம்."

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மூன்றாம் மந்தையில் கன்று வீசிய 10 பசுக்களில் 9-இல் எதிர்ப்பொருள். "பத்தில் ஒன்பது! இனி என்ன சந்தேகம்?" என்கிறார் பண்ணைக்காரர். வீசாத 90 பசுக்களைச் சோதிக்கிறீர்கள், 81-இல் எதிர்ப்பொருள். இப்போது அவருக்கு என்ன சொல்வீர்கள்?