கஸ்தில்யோனே: வீரமாமுனிவர் பிறந்த ஊர்ப்பெயரின் தோற்றமும் ஒலிப்பும்

முன்னுரை

தேம்பாவணி, சதுரகராதி முதலிய நூல்களை இயற்றிய வீரமாமுனிவர், 1680ஆம் ஆண்டு வட இத்தாலியில் பிறந்தவர். இன்று லொம்பார்தி மாநிலத்து மாந்தோவா மாவட்டத்தில் அமைந்துள்ள அவர்தம் ஊரின் பெயர், தமிழ் நூல்களில் 'காஸ்திக்கிளியோன்', 'காஸ்திகிலியோன்' எனப் பலவாறு எழுதப்படுகிறது. இவ்வடிவங்கள் இத்தாலியரின் ஒலிப்பினின்றும் விலகியவை. அப்பெயரின் தோற்றத்தையும் அதற்குப் பொருந்தும் தமிழ் வடிவத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரின் தோற்றம்

இலத்தீனில் 'கஸ்த்ரும்' என்பது அரணையும், 'கஸ்தெல்லும்' என்பது சிற்றரணையும் குறிக்கும். பின்னதன் வழிப் பிறந்த 'கஸ்தெல்லியோ' என்னும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவமாகிய 'கஸ்தெல்லியோனெம்' என்பதே இவ்வூர்ப்பெயரின் அடியாகும். இலத்தீன் லகரத்தை அடுத்து இகரமும் பிறிதோர் உயிரும் வருமிடத்து, அந்த லகரம் இத்தாலிய மொழியில் அண்ண ஒலியாகத் திரியும். மகளைக் குறிக்கும் 'ஃபிலியா' என்பது 'ஃபில்யா' ஆனதும் இவ்வாறே. சிற்றரண் எனப் பெயர்பெற்ற ஊர்கள் இத்தாலியில் பல உள்ளமையால், இவ்வூர் 'தெல்லே ஸ்திவியேரே' என்னும் அடைமொழியால் பிரித்தறியப்படுகிறது.

ஒலிப்பு

இப்பெயரின் இடையில் உரோமன் எழுத்துகளாகிய ஜி, எல், ஐ ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே மெய்யொலியைக் குறிக்கின்றன. ஆகவே தமிழ் வடிவங்களில் காணும் ககரம், எழுத்தைக் கண்டு எழுதியதேயன்றி ஒலியைக் கேட்டு எழுதியதன்று. நடுநா அண்ணத்தைப் பொருந்த, காற்று நாவின் பக்கவழியே வெளிப்பட இவ்வொலி பிறக்கும். சகர ஞகரங்களுக்குத் தொல்காப்பியம் கூறும் பிறப்பிடமும் இதுவே. எனினும் அவ்விடத்துப் பிறக்கும் லகரம் தமிழில் இல்லை. 'ல்ய' என்னும் மயக்கமே அதற்கு நெருங்கியது. லகரத்தின் முன் யகரம் வருதல் தொல்காப்பியத்திற்கும் உடன்பாடு.

'லியோ' என எழுதின் நான்கு அசைகள் ஐந்தாகிவிடும். முதலசை குறிலாதலின் 'க' என்பதும், பல்லொலியாதலின் 'த' என்பதும் பொருந்தும். அழுத்தம் 'யோ' என்னும் நெடிலின்மேல் அமையும். இறுதி உயிர் குறுகிய எகரமே. ஆயினும் மெய்யொடு கூடிய எகரம் தமிழில் சொல்லுக்கு ஈறாகாமையின், அது 'னே' என நீளும்.

முடிவுரை

இவற்றால் 'கஸ்தில்யோனே' என்னும் வடிவம் இத்தாலிய ஒலிப்புக்கும் தமிழ் மரபுக்கும் ஒருங்கே இயைவது பெறப்படுகிறது. கிரந்த எழுத்தைத் தவிர்ப்போர் 'கசுத்தில்யோனே' எனலாம். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவாக்கிய எழுத்துச் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. ஓகாரமும் எகரமும் அடுத்தடுத்து நிற்கும் அவர்தம் ஊர்ப்பெயரைப் பாடநூல்கள் செம்மையாக எழுதுதல் அவர்க்குச் செய்யும் சிறு கைம்மாறாகும்.