காதால் படிக்க வேண்டிய மொழி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாணவி ஒருத்தி பிளஸ் டூ படிக்கிறாள். மொழிப் பாடமாகப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். வினைச்சொற்களின் திரிபுகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பள்ளித் தேர்வுகளில் அவளுடைய பிரெஞ்சு மதிப்பெண் தொண்ணூற்றுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

ஒரு நாள் மாலை, பிரெஞ்சு மொழியில் அமைந்த சிறுவர் கதை ஒன்றின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாம் அவள் அறிந்த எளிய சொற்கள்தாம். இரண்டு நிமிடம் உற்றுக் கேட்டாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பிறகு அதே கதையை அச்சில் கொடுத்தேன். தடையின்றிப் படித்துப் பொருளும் சொல்லிவிட்டாள். "சார், இதுவா அது?" என்று கேட்டவளின் முகம் வாடிவிட்டது. "எனக்குக் காது மந்தமா, இல்லை இரண்டு வருஷம் படித்ததே தப்பா?" என்றாள்.

அவள் காதில் குறை ஏதும் இல்லை. படித்ததும் தவறல்ல. ஆனால் படித்தது கண் மட்டுமே. காது பள்ளிக்கே போகவில்லை. இதன் காரணம் மொழிநூலில் பாதியும் பௌதிகத்தில் பாதியுமாக இருக்கிறது. நான் பௌதிகம் கற்பிப்பவன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து இதை விளக்க முயல்கிறேன்.

நம் பள்ளிகளில் அயல்மொழி

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது. மேல்நிலை வகுப்புகளில் முதற்பகுதி மொழியாகத் தமிழையோ, பிற இந்திய மொழிகளில் ஒன்றையோ, பிரெஞ்சு, ஜெர்மன், அரபு போன்ற மொழிகளில் ஒன்றையோ எடுத்துக்கொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. எனவே பிரெஞ்சு எடுப்பவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதில் அதன் அரிச்சுவடியையே தொடங்குகிறார்கள். இரண்டே ஆண்டுகளில் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. மதிப்பெண்ணின் பெரும்பகுதி எழுத்துத் தேர்வுக்கே உரியது. ஆகவே மாணவர் எழுதப் பழகுகிறார், கேட்கப் பழகுவதில்லை.

எழுத்து மூலம் மொழி கற்பது வீண் என்று நான் சொல்லவில்லை. சத்யேந்திரநாத் போஸும் மேகநாத சாஹாவும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவற்றை 1920இல் நூலாக வெளியிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது படிக்கும் ஜெர்மன். அதற்குக் கண் போதும். ஆனால் அயல்மொழி பேசும் மனிதரோடு பேச வேண்டுமானால் காது வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பயணி என்னிடம் வழி கேட்டார். "இரண்டாவது தெருவில் திரும்புங்கள்" என்று பெருமையோடு பிரெஞ்சில் சொன்னேன். அவர் விழித்தார். நான் சொன்னது அவர் காதில் "இரண்டாவது சக்கரத்தில் திரும்புங்கள்" என்று விழுந்திருந்தது! பிரெஞ்சில் தெருவுக்கும் சக்கரத்துக்கும் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. மேலே, கீழே என்னும் சொற்களும் அப்படியே. அவ்விரண்டையும் தமிழில் எழுதினால் 'தெஸு' என்றே எழுத வேண்டியிருக்கும். பிரெஞ்சுக்காரர் காதிலோ அவை மேலும் கீழுமாகவே ஒலிக்கின்றன.

பேச்சில் இடைவெளி இல்லை

அச்சில் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேச்சிலும் அப்படி இடைவெளி இருப்பதாக நினைக்கிறோம். பேச்சைப் பதிவு செய்து அதன் அலைவடிவைத் திரையில் பார்த்தால் வியப்பாக இருக்கும். சொற்களுக்கிடையே பெரும்பாலும் இடைவெளியே இராது. மாறாக, 'பக்கம்' என்னும் ஒரே சொல்லின் நடுவில், 'க்க' வரும் இடத்தில், வாய் அடைபடுவதால் ஒலியற்ற ஒரு சிறு பள்ளம் தெரியும்! சொல்லைப் பிரித்தறிவது காற்றலையில் இல்லை. அது பழகிய காதின் வேலை.

பிரெஞ்சில் இது மேலும் சிக்கலாகிறது. எழுத்தில் சொல்லின் இறுதியில் நிற்கும் 'ஸ்' பொதுவாக ஒலிப்பதில்லை. ஆனால் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் பல இடங்களில் அது 'ஸ' போன்ற அதிர்வொலியாக உயிர்பெற்று அச்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'நண்பர்கள்' என்பதற்கு எழுத்தில் இரு சொற்கள். பேச்சில் 'லெஸாமி' என ஒன்றே. புணர்ச்சி விதிகளைப் படித்த தமிழ் மாணவருக்கு இது அந்நியமானதல்ல. ஆனால் விதியைப் படிப்பது வேறு, அது காதில் ஓடும்போது பிடிப்பது வேறு.

வாய் என்னும் குழாய்

இனி அந்தத் தெருவையும் சக்கரத்தையும் பார்ப்போம்.

குழாயடியில் குடம் நிறையும்போது ஒலி மெல்ல மெல்ல உயர்வதைக் கேட்டிருப்பீர்கள். நீர் ஏற ஏறக் குடத்துக் காற்றின் நீளம் குறைகிறது. அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் கூடுகிறது. நம் வாயும் அப்படி ஒரு காற்றறை. குரல்வளையிலிருந்து உதடு வரை வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் அது. ஒரு முனை குரல் நாண்களால் மூடியது போலவும் மறுமுனை திறந்தும் இருக்கிறது. அத்தகைய குழாயின் முதல் ஒத்ததிர்வில் அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு, அதாவது 68 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால் அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை 1500, 2500 ஹெர்ட்ஸ்.

நாக்கும் உதடும் அசையும்போது குழாயின் வடிவம் மாறி இந்த எண்களும் மாறுகின்றன. அவற்றைக் கொண்டே நம் காது உயிரொலிகளை வேறுபடுத்துகிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். 'ஈ' சொல்லும்போது நாக்கு முன்னே உயர்கிறது. இரண்டாம் ஒத்ததிர்வு ஆண் குரலில் 2200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். 'ஊ' சொல்லும்போது நாக்கு பின்னே செல்கிறது, உதடு குவிகிறது. அது 900 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. உதடு குவியும் உயிர்களைத் தொல்காப்பியம் பிறப்பியலில் தனியே பிரித்துச் சொல்வதை இங்கே நினைவுகூரலாம்.

தமிழில் நாக்கு முன்னே இருந்தால் உதடு குவியாது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இரண்டும் சேர்ந்து வரும் உயிரொலி ஒன்று உண்டு. நாக்கு 'ஈ'யில், உதடு 'ஊ'வில்! உதடு குவிவதால் குழாய் நீண்டு வாயில் குறுகுகிறது. இரண்டாம் ஒத்ததிர்வு 'ஈ'யைவிடத் தாழ்ந்து ஏறத்தாழ 1800 ஹெர்ட்ஸில் நிற்கிறது. தெருவுக்கு உரியது இந்த ஒலிதான்.

நீங்களே செய்து பாருங்கள். குரல் எழுப்பாமல் 'ஈ' என்று கிசுகிசுத்து, பிறகு 'ஊ' என்று கிசுகிசுங்கள். குரல் நாண்கள் அதிராதபோதும் ஒலி தாழ்வது கேட்கும். அது குழாயின் ஒத்ததிர்வு. இப்போது கண்ணாடி முன் நின்று 'ஈ' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் குவியுங்கள். வருவதுதான் அந்தப் புதிய ஒலி.

காது போடும் கணக்கு

ஒலியை உண்டாக்க முடிந்தாலும் கேட்கும்போது ஏன் தவறுகிறோம்? நம் காது 1800 என்று எண்ணிச் சொல்லும் கருவியல்ல. வந்த ஒலியைத் தான் முன்பே அறிந்த பெட்டிகளில் ஒன்றில் போட்டுவிடுகிறது. தமிழ்க் காதில் அந்த ஒலிக்குத் தனிப்பெட்டி இல்லாததால் அது 'ஊ' அல்லது 'யூ' பெட்டியில் விழுகிறது.

இப்பெட்டிகள் மிக இளம் பருவத்திலேயே அமைந்துவிடுகின்றன. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தி மொழியின் 'ட', 'த' வேறுபாட்டைக் கேட்டு உணர்ந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. நமக்கு 'பாட்டு' வேறு, 'பாத்து' வேறு என்பதில் என்ன கடினம்? ஆங்கிலேயருக்கு அது நம் 'தெரு, சக்கரம்' போலக் கடினம்.

அப்படியானால் பதினாறு வயதில் கதவு சாத்தப்பட்டுவிட்டதா? இல்லை. 'ர', 'ல' இரண்டையும் குழப்பும் ஜப்பானியருக்கு, பல குரல்களில் பேசிய ஆங்கிலச் சொற்களைக் கேட்கவைத்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். முழு வெற்றி கிடைக்காவிடினும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது என்று 1991இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் உச்சரிப்பும் சீரடைந்ததாக 1997இல் மற்றோர் ஆய்வு காட்டியது. காது பழகினால் நாக்கும் பின்தொடர்கிறது.

நம்மிடம் உள்ள முதல்

தமிழ் மாணவர் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டின் முன் தொங்கவிட்டுப் 'பால்' என்று சொல்லுங்கள். அது அசையாது, அல்லது சிறிதே அசையும். ஆங்கிலேயர் சொல்லின் முதலில் 'ப' சொன்னால் துண்டு துள்ளும். லிஸ்கர், ஆப்ராம்சன் என்போர் 1964இல் தமிழ் உள்ளிட்ட பதினொரு மொழிகளில் இதை அளந்தார்கள். உதடு திறந்த பின் குரல் நாண்கள் அதிரத் தொடங்க ஆங்கிலத்தில் 50 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. தமிழில் 10 மில்லி விநாடியை ஒட்டித்தான். பிரெஞ்சுக்காரரின் 'ப' தமிழரின் 'ப'வைப் போன்றது! ஜெர்மானியர் 'ப'வோ ஆங்கிலேயருடையதைப் போல மூச்சோடு வருவது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'கம்பன்' என்பதில் நம் 'ப' தானாகவே அதிர்வொலியாகிவிடுகிறது. பிரெஞ்சில் அவ்விரண்டும் எங்கும் தனித்தனி ஒலிகள்.

இக்கட்டுரையைப் படிக்கும் தமிழ்வழி மாணவர்கள் "எங்கள் பள்ளியில் பிரெஞ்சு ஏது?" என்று கேட்கலாம். உங்களுக்கு ஆங்கிலமே அயல்மொழிதானே! இலக்கணப் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு ஆங்கிலச் செய்தி புரியாமல் தவிப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்களுக்கும் மருந்து இதுவே. நாள்தோறும் கால்மணி நேரம் கேளுங்கள். ஒரே குரலை அல்ல, ஆண், பெண், குழந்தை, முதியவர் எனப் பல குரல்களைக் கேளுங்கள். முதலில் அச்சைப் பார்க்காமல் கேட்டு, கேட்டதை எழுதி, பிறகு அச்சோடு ஒப்பிடுங்கள். தவறிய இடத்தை மறுபடி கேளுங்கள்.

மாடி வீட்டு மாணவி இப்படிச் செய்யத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. சென்ற வாரம் அதே கதையை மீண்டும் கேட்டாள். பாதிக்குமேல் எழுதிவிட்டாள். தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கதையில் வந்த பூனை 'மேலே' ஏறியதா, 'கீழே' ஒளிந்ததா என்று கேட்டபோது, தயங்காமல் "மேலே" என்றாள். சரியான விடை அதுதான்.