மறுமுறை எழுதுவதா, கிடைத்த இடத்தில் சேர்வதா?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சட்டம் படிக்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு தேர்வுகளை எதிர்கொள்கின்றனர்: மாநிலக் கல்லூரிகளுக்கான லாசெட், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட். இவற்றில் எதிர்பார்த்த தரவரிசை கிடைக்காதபோது, ஓராண்டு காத்திருந்து மீண்டும் எழுதலாமா என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது.

லாசெட் தேர்வில் 90 நிமிடங்களில் 120 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், விடப்பட்ட ஒவ்வொரு வினாவும் வீணான வாய்ப்பே. மொத்த மதிப்பெண்ணில் பாதி சட்ட நாட்டப் பகுதிக்கு உரியது. அப்பகுதியில் சறுக்கியவர் முறையாகப் படித்தால் மறுமுறை கணிசமாக முன்னேறலாம். கிளாட் வேறு வகையானது: நீண்ட ஆங்கிலப் பத்திகளை வாசித்தே விடையளிக்க வேண்டும், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். தெலுங்கு வழியிலோ, எல்லையோரப் பள்ளிகளில் தமிழ் வழியிலோ பயின்றவருக்கு வாசிப்பு வேகமே உண்மையான தடை. அது சில வாரப் பயிற்சியில் வருவதன்று, ஓராண்டு நாளும் செய்தித்தாள் படித்தால் வரக்கூடியது.

கால இழப்பையும் நிதானமாகக் கணக்கிட வேண்டும். ஓராண்டு காத்திருந்து ஐந்தாண்டுப் படிப்பில் சேர்பவருக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன; இப்போதே மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தில் சேர்ந்து, பின்னர் லாசெட் வழியாகவே மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடிப்பவருக்கும் அதே ஆறு ஆண்டுகள்தான், கையில் இரண்டு பட்டங்களும் இருக்கும். விசாகப்பட்டினத்தின் தாமோதரம் சஞ்சீவய்யா தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தைக் குறிவைப்பவருக்கே காத்திருப்பு பொருந்தும்.